காவிரிக் கரையின் இரண்டு காதற் கதைகள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் திருக்குறளைப் பற்றிப் பேசுவது வழக்கம். கம்பனைப் பற்றிப் பேசுவது வழக்கம். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ காதல் நாவல். அதிலும் களவும் கொலையும் மர்மமும் கலந்த காதல் நாவல். முன் வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. பின் வரிசையில் இளைஞர்கள் நிமிர்ந்து உட்காருவதும் தெரிகிறது. இரு சாராரும் சற்றுப் பொறுத்திருக்க வேண்டுகிறேன்.

இப்பொருளை நான் தேடிச் செல்லவில்லை. ஒரு தாய் கேட்ட கேள்வி இதனை என் கையில் தந்தது. சில திங்களுக்கு முன் இதே மண்டி மொஹல்லாவில் நம் அன்பர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டுப் பெண்ணுக்குப் பதினேழு வயது. கூடத்தின் மூலையில் பௌதிகப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தாள். தாயார் அருகே சென்றார். பௌதிகத்தின் நடுவே வேறொரு புத்தகம் இருந்தது. அதனைப் பறித்து என் முன் வைத்து, “ஐயா, நீங்களே சொல்லுங்கள். இந்த வயதில் காதல் கதை படிக்கலாமா?” என்றார். அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் நூலை எடுத்துப் பார்த்தேன். அது தமிழ் நூல்! பள்ளியிலும் கல்லூரியிலும் கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் பெண். பாட்டியிடம் மணலில் எழுதித் தமிழ் எழுத்துக் கற்ற பெண். அவள் ஒளித்து வைத்துப் படித்தது அமரர் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ முதற் பாகம். அன்று எனக்கு விடை சொல்ல நாவெழவில்லை. காப்பியை அருந்திவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்று சொல்லாத விடையைத்தான் இன்று உங்கள் அனைவர் முன்னும் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்வேன். காதலும் மர்மமும் கலந்த கதை தமிழுக்கு நேற்று வந்த சரக்கன்று. காதல் வாழ்வைக் களவு என்றும் கற்பு என்றும் வகுத்து இலக்கணம் செய்தவர்கள் நம் முன்னோர். சிலப்பதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். அரசியின் சிலம்பைத் திருடியவன் யார்? பொற்கொல்லன். பழி சுமந்தவன் யார்? கோவலன். ஆராயாமல் தீர்ப்பளித்தவன் யார்? பாண்டியன். ஒரு களவு, ஒரு பொய்ச்சாட்சி, ஒரு தவறான தீர்ப்பு, இவற்றின் நடுவே ஒரு பெண்ணின் அன்பு. நாவல் என்னும் உருவம் நம் மொழிக்கு வந்த பிறகும் இக்கலப்புத் தொடர்ந்தது. 1908-ஆம் ஆண்டில் ஜே. ஆர். ரங்கராஜு எழுதிய ‘இராஜாம்பாள்’ துப்பறியும் கோவிந்தனைத் தமிழர் வீடுகளுக்குள் அழைத்துவந்தது. பெரியவர்கள் பலரின் பாட்டனாரும் பாட்டியாரும் அந்நாவலைத் தங்கள் பெற்றோருக்குத் தெரியாமல் படித்தவர்களே ஆவர்!

இனி நம் ஊருக்கு வருவோம். நாம் இருக்கும் இந்த மைசூருக்கு ஏறத்தாழப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் காவிரி ஓடுகிறது. அதன் நடுவே ஸ்ரீரங்கப்பட்டணம் தீவாக நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளோடு நாம் சென்று வரும் ஊர்தான். உலகப் புகழ் பெற்ற காதல் மர்ம நாவல் ஒன்று அவ்வூர்க் கோட்டையில் தொடங்குகிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வில்கி காலின்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியர் 1868-ஆம் ஆண்டில், சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் தொடர்கதையாக எழுதியது ‘தி மூன்ஸ்டோன்’. ‘சந்திரக்கல்’ என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையைத் தாக்கித் திப்பு சுல்தானை வீழ்த்தினர் என்பது வரலாறு. அந்தக் கொள்ளையின் நடுவே ஆங்கிலேய அதிகாரி ஒருவன், காவலர் மூவரைக் கொன்று, கட்டாரியின் பிடியில் பதித்திருந்த மஞ்சள் வைரம் ஒன்றைக் கவர்ந்துகொண்டான் என்பது காலின்ஸின் கற்பனை. அந்த வைரம் முன்னொரு காலத்தில் சோமநாதத்துச் சந்திர தேவனின் நெற்றியை அணி செய்தது என்றும் அவர் கதை கட்டுகிறார்.

அந்த வைரம், கவர்ந்தவனின் மருமகளான ரேச்சல் என்னும் இளம் பெண்ணுக்குப் பதினெட்டாம் பிறந்தநாள் பரிசாக வருகிறது. அன்று இரவே அது காணாமற் போகிறது. அவளை உயிராக நேசிக்கும் பிராங்க்ளின் என்னும் இளைஞன், களவைக் கண்டுபிடிக்க ஓடியாடி உழைக்கிறான். ஆனால் என்ன விந்தை! அவன் எவ்வளவு முயல்கிறானோ அவ்வளவு அவள் அவனை வெறுக்கிறாள். காரணம் சொல்ல மறுக்கிறாள். போலீசாருக்கும் உதவ மறுக்கிறாள். களவாடியவள் அவளேதானோ என்று துப்பறிய வந்தவர் ஐயுறும் அளவுக்கு மௌனம் சாதிக்கிறாள்.

மர்மக் கதையின் முடிச்சை அவிழ்த்துச் சொல்வது குற்றம். ஆயினும் என் பொருளுக்கு அது வேண்டியிருக்கிறது, பொறுத்தருளுக. அன்று இரவு அவள் அறையிலிருந்து வைரத்தை எடுத்துச் சென்றவன் அவளுடைய காதலனேதான். அதனை அவள் தன் கண்ணாலேயே கண்டாள்! ஆனால் அவனுக்கோ அது தெரியாது. அவளுக்காகப் புகைப் பழக்கத்தை விட்டதால் உறக்கம் கெட்டிருந்தான். மருத்துவர் ஒருவர் அவனறியாமல் பானத்தில் அபினி மருந்து கலந்துவிட்டார். அந்த மயக்கத்தில், வைரத்துக்கு ஆபத்து வருமோ என்ற கவலை மனத்தின் அடியில் கிடக்க, அதனைக் காப்பதற்காகவே எடுத்தான். அதனைத் தன்னலத்துக்காகப் பதுக்கிக்கொண்டவன் வேறொருவன்.

அவையோரே, இங்கே கூர்ந்து நோக்க வேண்டும். அவன் எடுத்தது அன்பினால். அவள் மறைத்ததும் அன்பினால். காதலனைத் திருடன் என்று ஊரார் முன் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவ்வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி, அவனைத் தனக்குள்ளே நேசித்தவள், சாயக்கறை படிந்த அவன் இரவு உடையைக் கண்டெடுத்து ஒளித்து வைக்கிறாள், அதுவும் அன்பினால். இந்நாவலில் மர்மம் தீயவன் ஒருவனால் மட்டும் விளைந்ததன்று. அன்புடையோர் பேசாமல் இருந்ததனால் விளைந்தது. “நீ ஏன் எடுத்தாய்?” என்று ரேச்சல் ஒரே ஒரு முறை அவனைக் கேட்டிருந்தால், ஏறத்தாழ ஓராண்டுத் துன்பம் இருவருக்கும் மிஞ்சியிருக்கும். அந்தப் பணிப்பெண்ணும் புதைமணலில் விழுந்து உயிர் துறந்திருக்க மாட்டாள்.

இக்கதையில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்தியரைப் பற்றி அக்காலத்து ஆங்கிலேயருக்கு இருந்த மருட்சியும் அச்சமும் அதில் உண்டு. ஆயினும் முதல் திருடன் ஆங்கிலேயனே என்று தொடங்கி, வைரத்தை மீட்ட இந்தியக் காவலர் அதனைச் சந்திர தேவனின் திருவுருவுக்கே சேர்த்தனர் என்று முடித்த நெஞ்சத் துணிவை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கடந்த காவிரி தலைக்காட்டைத் தழுவித் தமிழ்நாட்டை நோக்கிச் செல்கிறது. நாமும் அதனோடு இறங்கிச் செல்வோம். குடகில் மழை பெய்து, நம் வாசலைக் கடந்து போகும் அப்புதுவெள்ளமே சோழ நாட்டில் ஆடிப்பெருக்காகிறது. அந்த ஆடிப்பெருக்கு நாளில், வீராணம் ஏரிக் கரையில், குதிரைமேல் வரும் ஓர் இளைஞனோடு தொடங்குகிறது ‘பொன்னியின் செல்வன்’. பொன்னி என்பது காவிரியின் பெயர் அன்றோ? அந்தப் பெண் பௌதிகப் புத்தகத்தில் ஒளித்து வைத்திருந்தது நம் ஊர் ஆற்றின் கதைதான்!

1950-ஆம் ஆண்டு முதல் 1954-ஆம் ஆண்டு வரை ‘கல்கி’ வார இதழில், மணியத்தின் ஓவியங்களோடு, ஐந்து பாகங்களாக வந்த நாவல் அது. அது முடிந்த 1954-ஆம் ஆண்டிலேயே, டிசம்பர்த் திங்களில், ஆசிரியரும் மறைந்தார். 2022-இலும் 2023-இலும் அது திரைப்படமாக வந்தபோது நம் பிள்ளைகள் கூட்டமாகச் சென்று கண்டனர். “கதைதான் தெரியுமே!” என்று இப்போது சொல்கின்றனர். படம் கண்டவர் கதையின் போக்கை அறிவர். அத்தியாயந்தோறும் ஒரு முடிச்சில் நின்று, அடுத்து என்ன என்று ஏங்கிய இன்பத்தை அறியார்.

அதன் தலைமக்கள் யாவர்? பெரும்பாலும் இளைஞர். வல்லவரையன் வந்தியத்தேவன், இளைய பிராட்டி குந்தவை, அருள்மொழிவர்மன், வானதி, படகோட்டும் பூங்குழலி, கடம்பூர் மணிமேகலை. பெரியவர்கள் அரியணைக்காகச் சூழ்ச்சி செய்ய, இந்த இளைஞர்கள் அன்பு செய்கின்றனர். அன்பின் பொருட்டுத் துன்புறுகின்றனர். இவர்களின் நடுவே நிகழ்கிறது மர்மம். பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் கொலையுண்டு கிடக்கிறான். விளக்கு அணைந்த அந்த அறையில் அவன் உடலருகே அகப்படுகிறவன் வந்தியத்தேவன்.

சான்று முழுவதும் அவனுக்கு எதிராக நிற்கிறது. பாதாளச் சிறையில் அடைக்கின்றனர். கொலையுண்டவனோ குந்தவையின் உடன்பிறந்த தமையன்! தமையனைக் கொன்றான் என்று உலகம் பழிக்கும் ஒருவனை நம்புவதா? குந்தவை நம்புகிறாள். கண்ணால் கண்டும் கேளாமல் வெறுத்தாள் ரேச்சல். உலகமே சொல்லியும் அவன் நெஞ்சை அறிந்து நம்பினாள் குந்தவை. மணிமேகலையோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறாள். தன்னை விரும்பாத அவனைக் காப்பதற்காக, “நானே கொன்றேன்” என்று பழியைத் தன்மேல் ஏற்கிறாள். அத்துணைப் பெரிய கதை மண மேடையில் முடியவில்லை. அந்தப் பேதைப் பெண்ணின் மறைவில் முடிகிறது. அதனைப் படித்துக் கண் கலங்காத வாசகர் அரியர்.

இவ்விரு கதைகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். நல்ல காதல் நாவலில் மர்மம் என்பது மேலே தூவிய மசாலாப் பொடியன்று, அதுவே உரைகல். எல்லாம் நன்றாக இருக்கும்போது ஒருவரை நேசிப்பது எளிது. ஐயம் சூழ்ந்த இருளில், சான்றுகள் எதிர்த்து நிற்கும்போது, ஒருவரை எவ்வளவு நம்பலாம், எதனைக் கொண்டு நம்பலாம் என்பதே அன்பின் சோதனை. அச்சோதனையைப் பதினேழு வயதில் ஒரு நூலில் கண்டு தெளிவது நல்லதா, வாழ்க்கையில் முதன்முதலாகச் சந்தித்துத் தடுமாறுவது நல்லதா? தாய்மார்களே எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி ஐயத்திற்கு இடமின்றி முடித்துச் சொல்லவில்லை. இதனைக் குறையாகக் கருதுவோர் உளர். நான் அதனை நேர்மை என்பேன். காட்டுமன்னார்கோவிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏறத்தாழ கி.பி. 987. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலிய உடன்பிறந்தாரைக் குறித்து, அவர்களும் அவர் சுற்றத்தாரும் உடைமை இழந்த செய்தியை அது கூறுகிறது. அவர்களை ஏவியவர் யாரேனும் உண்டா என்பதைக் கல் சொல்லவில்லை. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மேல் ஐயங்கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். வரலாறு தீர்ப்பளிக்காத இடத்தில் நாவலாசிரியர் ஒருவர்மேல் கொலைப்பழியைச் சுமத்தலாமா? ஆராயாத தீர்ப்பு என்ன செய்யும் என்பதைப் பாண்டியன் அவையில் நாம் கண்டிருக்கிறோமே!

கல்வெட்டு மர்மத்தை மட்டும் காக்கவில்லை, காதலையும் காத்திருக்கிறது. நந்தினியும் பூங்குழலியும் மணிமேகலையும் கல்கியின் கற்பனை. ஆனால் குந்தவை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன் வெட்டிய அந்தச் சிறு குறிப்பிலிருந்து எத்துணைப் பெரிய காதற் கதை முளைத்திருக்கிறது!

மைசூரில் வாழும் நாம் இதில் சிறிது பெருமை கொள்ளலாம். கல்வெட்டுகளின்மேல் ஈரத்தாளை ஒற்றி, மை தடவிப் படி எடுப்பார்கள். 1966-ஆம் ஆண்டு முதல் இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு நம் ஊரில்தான் இயங்கி வருகிறது. தமிழ்க் கல்வெட்டுப் படிகள் பல்லாயிரம் இங்கே சேமித்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் பணித்தது. தமிழின் கல்லெழுத்து அரை நூற்றாண்டுக்கு மேல் நம்மைப் போலவே கன்னட நாட்டில் குடியிருந்தது! இராசராசன் காலத்தில் இப்பகுதியும் சோழர் ஆட்சிக்கு வந்து, முடிகொண்ட சோழ மண்டலம் என்று பெயர் பெற்றது. நாவலைப் படித்து முடித்த இளைஞன், இதனைக் கேட்டதும் தலைக்காட்டுக்குப் பேருந்து ஏறுவான். ஒரு காதற் கதை அவனை வரலாற்றின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தும்.

பெற்றோரின் அச்சத்தை நான் எள்ளவில்லை. எல்லாக் காதல் கதைகளும் நல்லவை அல்ல. பெண்ணைப் பொம்மையாக்கும் கதை உண்டு. துன்புறுத்துவதையே காதல் என்று காட்டும் கதை உண்டு. பக்கம் புரட்டுவதற்காக மட்டும் பிணம் விழும் கதையும் உண்டு. அவற்றை அடையாளங் காணும் கண் பிள்ளைகளுக்கு வேண்டும். அந்தக் கண், நல்ல நூலைப் படித்தால் வரும். எந்த நூலையும் படிக்காதே என்று தடுத்தால் வராது. தடுத்தால் என்ன வரும் என்பதையும் நாம் பார்த்தோம். பௌதிகத்தின் நடுவே ஒரு மறைவிடம் வரும். இன்று மறைவது புத்தகம். நாளை மறைவது மனத்தின் சுமையாக இருக்கலாம். ரேச்சல் பேசாமல் இருந்தாள் என்று குறை சொன்னேனே, அவள் மனம் விட்டுப் பேசத் தக்கவர் அவ்வீட்டில் யார் இருந்தார் என்பதையும் கேட்க வேண்டாமா? பிள்ளை பேசத் தக்க வீட்டில் மர்மம் குறையும்.

ஆகவே அந்தத் தாய்க்கு என் விடை இது. அம்மா, நூலைத் திருப்பிக் கொடுங்கள். கொடுப்பதோடு நில்லாமல், நீங்களும் அவளோடு அமருங்கள். இரவு உணவுக்குப் பின் நாளுக்கு ஓர் அத்தியாயம் வாய்விட்டுப் படியுங்கள். வார இதழுக்காக எழுதியவை. ஒவ்வொன்றும் அளவானது, ஒவ்வொன்றின் இறுதியிலும் ஒரு முடிச்சு இருக்கும். தமிழ் எழுத்து அறியாத சிறு பிள்ளைகளும் செவியால் கேட்கட்டும். ஒரு நாள் கதை முடிச்சில் நிற்கும்போது, “எனக்கு வேலை இருக்கிறது, மற்றது நாளை” என்று சொல்லி நூலை மேசைமேல் வைத்துவிட்டுச் செல்லுங்கள். அடுத்தது என்ன என்று அறியும் ஆவலில் அச்சிறுவன் எழுத்துக் கூட்டத் தொடங்குவான். அ, ஆ கற்பிக்க நாம் எத்தனை முறை அதட்டியிருக்கிறோம்? வந்தியத்தேவன் அதட்டாமலே கற்பித்துவிடுவான்!

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். ஒளித்துப் படிக்காதீர்கள். ரேச்சலின் மௌனத்தைப் பின்பற்றாதீர்கள். குந்தவையின் தெளிவைப் பின்பற்றுங்கள். ஐயம் வந்தால் கேளுங்கள். நம்பிக்கை வைப்பதற்கு முன் நெஞ்சை அறியுங்கள். பழி சுமந்தவரைக் கண்டால் உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். பௌதிகத் தேர்வையும் மறவாதீர்கள்!

அடுத்த ஆடிப்பெருக்கு நாளில் நாம் குடும்பத்தோடு ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படித்துறைக்குச் செல்வோம். சித்திரான்னக் கூடையோடு ‘பொன்னியின் செல்வன்’ முதற் பாகத்தையும் எடுத்துச் செல்வோம். காவிரிக் கரையில் அமர்ந்து, அந்தப் பதினேழு வயதுப் பெண்ணையே முதல் அத்தியாயத்தை உரக்கப் படிக்கச் சொல்வோம். அவள் தாயார் பக்கத்தில் அமர்ந்து கேட்கட்டும். மணலில் எழுதிக் கற்ற தமிழ் அந்த ஆற்றங்கரையில் ஒலிக்கட்டும்.